லெலோங் நோட்டீஸ் வந்த வீடு: வங்கியை யார் கேள்வி கேட்பது?

சாலையோர மின்கம்பங்களில் அந்த அட்டையைப் பார்த்திருப்பீங்க. ‘ரூமா லெலோங்’, கீழே ஒரு விலை, ஒரு கைப்பேசி எண். வாங்க நினைப்பவருக்கு அது மலிவாகக் கிடைக்கும் வீடு. ஆனால் அந்த வீட்டில் பல நேரம் இன்னும் ஒரு குடும்பம் இருந்துகொண்டிருக்கும். சுவரில் சாமிப் படம் இருக்கும். பிள்ளைகள் பள்ளிக்குப் போய்க்கொண்டிருப்பார்கள்.

நம்மில் பலருடைய வீட்டில் வங்கிக் கடிதத்தை வாசித்துச் சொல்லும் வேலை பிள்ளைகளுடையது. கடிதம் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும், அதுவும் வழக்கறிஞர் நடையில். “பேங்க்ல இருந்து ஏதோ வந்திருக்கு, அப்புறம் பார்த்துக்கலாம்” என்று டிவி பக்கத்தில் வைத்துவிடுவார்கள். எங்கள் வீட்டில் அதற்கென்றே ஒரு பிஸ்கட் டின் இருந்தது. இந்தக் கட்டுரை அந்த டின்னைத் திறக்கப் போகிறவர்களுக்கு.

தவணை தவறினால் உடனே வீடு போய்விடுமா?

போகாது. முதலில் தொலைபேசி அழைப்புகள், பிறகு நினைவூட்டல் கடிதங்கள். மூன்று மாதத் தவணை பாக்கியானால் வங்கி அதை வாராக் கடன் என்று வகைப்படுத்தும். அதற்குப் பிறகு வருவது வழக்கறிஞர் நிறுவனத்தின் கடிதம். உறை மாறியிருக்கும், கடிதத்தின் தொனியும் மாறியிருக்கும்.

இந்த இடத்தில் பாதை இரண்டாகப் பிரிகிறது. எந்தப் பாதை என்பதை முடிவு செய்வது நீங்கள் எவ்வளவு பாக்கி வைத்திருக்கிறீர்கள் என்பதல்ல. வீட்டின் கிராண்ட், அதாவது நிலப்பட்டா, யார் பெயரில் இருக்கிறது என்பதுதான்.

கிராண்ட் உங்கள் பெயரில் வந்து, அதில் வங்கியின் அடமானம் பதிவாகியிருந்தால், தேசிய நிலச் சட்டம் சொல்லும் படிகளை வங்கி ஒவ்வொன்றாக ஏறியாக வேண்டும். ‘போராங் 16டி’ என்ற நோட்டீஸ் அனுப்பி, பாக்கியைக் கட்டக் குறைந்தது ஒரு மாதம் அவகாசம் தர வேண்டும். அதற்குப் பிறகே, பட்டாவின் வகையைப் பொறுத்து, உயர் நீதிமன்றத்திலோ நில அலுவலகத்திலோ விற்பனை ஆணை கேட்க முடியும். அந்த ஆணை இல்லாமல் ஏலம் இல்லை.

கிராண்ட் இன்னும் மேம்பாட்டாளர் பெயரிலேயே இருந்தால் கதை வேறு. அப்போது கடன் வாங்கும் நாளிலேயே வீட்டின் மீதான உங்கள் உரிமைகளை ஓர் ஒப்பந்தம் மூலம் வங்கிக்கு எழுதிக் கொடுத்திருப்பீர்கள். தவணை தவறினால், அந்த ஒப்பந்தத்தை வைத்தே வங்கி ஏலதாரரை நியமித்து வீட்டை விற்கலாம். நீதிமன்ற ஆணை தேவையில்லை. தடுக்க வேண்டுமென்றால் நீங்கள்தான் வழக்கறிஞர் வைத்து நீதிமன்றத்துக்குப் போகணும். மாதத் தவணைக்கே வழியில்லாதவர் வழக்கறிஞருக்கு எங்கே போவார்?

எந்த வீடுகளுக்கு இப்படிப் பட்டா வராமல் இருக்கிறது? பழைய மலிவு விலை அடுக்குமாடிகளில் ஸ்ட்ராத்தா பட்டாவுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருப்பது பலருக்கும் தெரிந்த கதைதான். 1998க்கு முன்பு மலிவு விலை வீட்டின் விலை 25,000 ரிங்கிட். அந்த ஆண்டு இடத்தைப் பொறுத்து 42,000 ரிங்கிட் வரை உயர்த்தப்பட்டது. தோட்டங்கள் மேம்பாட்டுக்குப் போனபோது அங்கிருந்து வெளியேறிய குடும்பங்கள் பலவற்றுக்கு அதுதான் முதல் சொந்த வீடு. அந்தத் தொகையைக் கட்டி முடித்த பிறகும், பிள்ளையின் கல்லூரிக்கோ மருத்துவச் செலவுக்கோ அதே வீட்டை மீண்டும் ரீஃபைனான்ஸ் செய்தவர்கள் உண்டு. அப்படிப்பட்ட வீட்டுக்குப் பட்டா வராமல் தாமதிப்பது வெறும் காகிதப் பிரச்சினை என்று நினைத்துவிடாதீங்க. கடன் சிக்கலில் மாட்டும் நாளில், பட்டா உள்ளவருக்குக் கிடைக்கும் ஒரு பாதுகாப்பு இவருக்கு இல்லாமல் போகிறது.

நீதிபதியிடம் நிலைமையைச் சொன்னால்?

“கோர்ட்ல போய் நிலைமையை எடுத்துச் சொல்லலாம், நீதிபதி பார்த்துப்பாரு” என்ற நம்பிக்கை நம் ஆட்களிடம் இன்னும் இருக்கிறது. கசப்பான செய்தி இது: வேலை போனது, உடல்நலம் கெட்டது, குடும்பத்தில் மரணம் எதுவும் பொதுவாக விற்பனை ஆணையைத் தடுக்கப் போதாது.

எதிர்ப்பதற்கு உரிய காரணம் இருந்தால் ஒழிய நீதிமன்றம் ஆணை வழங்க வேண்டும் என்கிறது சட்டம். 1997ஆம் ஆண்டுச் சட்ட ஏடுகளில் பதிவான ஒரு வழக்கில், பான் ஹின் லீ வங்கி ஒரு தரப்பாக இருந்தது. அதில் கூட்டரசு நீதிமன்றம் அந்தக் காரணங்களை மூன்றாகச் சுருக்கியது. மோசடி, போலிக் கையெழுத்து போன்றவற்றால் அடமானமே செல்லாமல் போவது ஒன்று. நோட்டீஸ் போன்ற கட்டாயப் படிகளை வங்கி தவறவிட்டது இன்னொன்று. ஆணை வழங்குவது வேறு ஏதாவது சட்ட விதிக்கோ நியாயக் கோட்பாட்டுக்கோ முரணாக இருப்பது மூன்றாவது. இந்தப் பட்டியலில் கஷ்டம் என்ற சொல் இல்லை.

ஆக, இந்தக் கட்டத்தில் வங்கியிடம் கேட்கப்படும் கேள்வி ‘முறைப்படி செய்தாயா?’ என்பது மட்டும்தான். ‘இவர் இரண்டு முறை தவணையைக் குறைக்கச் சொல்லிக் கேட்டாரே, ஏன் மறுத்தாய்?’ என்று கேட்பதற்கான இடம் அது இல்லை. அதனால்தான் பேச வேண்டியதை நோட்டீஸ் வருவதற்கு முன்பே பேசியாக வேண்டும்.

ஆணை வந்த பிறகும் ஒரு வழி திறந்திருக்கிறது. ஏல விற்பனை முடியும் நிமிடம் வரை, வங்கிக்குச் சேர வேண்டிய தொகையைச் செலுத்தி வீட்டை மீட்கலாம். நிலச் சட்டம் தரும் உரிமை இது. ஆனால் நிலுவைத் தவணையை மட்டும் கட்டிவிட்டுத் தப்பிக்க முடியும் என்று எண்ண வேண்டாம்.

ஏலத்தோடு கடன் முடிந்துவிடுமா?

இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். “வீட்டையே எடுத்துக்கிட்டாங்க, இனிமே என்ன பாக்கி?” என்று கேட்கிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வீட்டுக்கு வைத்த ஆரம்ப ஏல விலை 200,000 ரிங்கிட், வங்கிக்குத் தர வேண்டியது 190,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஏலத்தில் யாரும் வரவில்லை என்றால் அடுத்த ஏலத்தில் விலை வழக்கமாக 10 விழுக்காடு குறைக்கப்படும்: 180,000. அதிலும் ஆள் இல்லை என்றால் 162,000. அந்த விலையில் போனால் 28,000 ரிங்கிட் இடைவெளி. இடைப்பட்ட மாதங்களின் வட்டி, வழக்கறிஞர் கட்டணம், ஏலச் செலவு இதன் மேல் ஏறும். இந்த மிச்சத்தைக் கடனாளியிடம் கேட்க வங்கிக்கு உரிமை உண்டு. விற்ற தொகை கடனைவிட அதிகமாக இருந்தால் மீதி உங்களுக்குச் சேர வேண்டும். அதுவும் நடப்பதுண்டு, ஆனால் பழைய அடுக்குமாடிகளில் அதை எதிர்பார்க்காதீங்க.

இப்போதைய சட்டப்படி ஒருவரை நொடித்தவராக்க விண்ணப்பிக்க, கடன் குறைந்தது 100,000 ரிங்கிட்டாக இருக்க வேண்டும். எனவே 28,000 ரிங்கிட் மட்டுமே பாக்கி என்றால் அந்த ஆபத்து இல்லை. ஆனால் சிசிரிஸ் அறிக்கையில் பெயர் கெடும், வழக்கு வரலாம்.

இளைஞர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். அப்பாவின் வருமானம் போதாது, “நீயும் ஒரு கையெழுத்துப் போட்டுடு, ஐயா” என்று 23 வயது மகனிடம் சொல்கிறார்கள். அந்தக் கையெழுத்து ஜாமீன்தாரர் என்ற இடத்திலா, கூட்டுக் கடனாளி என்ற இடத்திலா? 2017 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக் கடனுக்கு லாப நோக்கமின்றி ஜாமீன் நின்றவர் ‘சமூக ஜாமீன்தாரர்’. அவரை நொடித்தவராக்க முடியாது. கூட்டுக் கடனாளிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. முழுக் கடனும் அவருடையதும்கூட. அப்பா தவணை தவறினால் உங்கள் சிசிரிஸில் அது தெரியும், நாளைக்கு நீங்கள் வாங்க நினைக்கும் வீட்டுக்கும் அது குறுக்கே நிற்கும். பெற்றோருக்குக் கையெழுத்துப் போடாதே என்று சொல்ல வரவில்லை. எந்தக் கோட்டில் போடுகிறீர்கள் என்று வாசித்துவிட்டுப் போடுங்கள்.

வங்கியே தவறு செய்தால்?

கடன் ஒப்பந்தங்களில், எது நடந்தாலும் வங்கி பொறுப்பல்ல என்று ஒரு வரி ஒளிந்திருக்கும். சிஐஎம்பி வங்கி தொடர்பான ஒரு வழக்கு இதில் முக்கியமானது. வீடு வாங்கிய ஒரு தம்பதிக்காக மேம்பாட்டாளருக்குச் செலுத்த வேண்டிய கட்டத் தொகையை வங்கி செலுத்தவில்லை. மேம்பாட்டாளர் விற்பனை ஒப்பந்தத்தையே ரத்து செய்துவிட்டார். தம்பதி வழக்குப் போட்டபோது வங்கி அந்த வரியைக் காட்டியது. வழக்காடும் உரிமையையே முற்றிலும் அடைக்கும் அத்தகைய வரி, 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 29ஆம் பிரிவின்படி செல்லாது என்றது கூட்டரசு நீதிமன்றம். 2019ஆம் ஆண்டுச் சட்ட ஏடுகளில் பதிவான தீர்ப்பு இது. ‘நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்களே’ என்று சொல்லி வாயடைப்பது எப்போதும் செல்லாது.

நீதிமன்றம் போக முடியாதவர்களுக்கு நிதிச் சந்தை ஓம்புட்ஸ்மன் சேவை இருக்கிறது. 2025 ஜனவரியில் இரண்டு பழைய அமைப்புகளை இணைத்து இது தொடங்கப்பட்டது. முதலில் வங்கியிடமே எழுத்தில் புகார் செய்யணும். பதில் திருப்தி இல்லையென்றால் அங்கே போகலாம். காலக்கெடு உண்டு என்பதால் எல்லாக் கடிதங்களையும் தேதியோடு வைத்திருங்கள்.

ஆனால் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. கடன் கொடுப்பது, மறுப்பது, தவணையை மாற்றியமைப்பது பற்றிய வங்கியின் முடிவுகள் ஓம்புட்ஸ்மன் வரம்புக்கு வெளியே. வாடிக்கையாளரை நியாயமாக நடத்த வேண்டும் என்று பேங்க் நெகாரா 2019இல் கொள்கை ஆவணம் வெளியிட்டது உண்மைதான். பேங்க் நெகாராவிடம் நீங்கள் புகாரும் செய்யலாம். ஆனால் ‘எனக்கு ஏன் கடன் இல்லை?’ என்ற கேள்வியை எடுத்து விசாரித்து, மறுப்பை மாற்றச் சொல்லும் நடுவர் யாரும் இல்லை.

கடன் மறுப்பில் பாகுபாடு இருக்கிறதா?

கிராப் ஓட்டுபவர், காலையில் நாசி லெமாக் விற்கும் அக்கா, தினக்கூலிக்குப் போகிறவர். இவர்களிடம் சம்பளச் சீட்டு இல்லை, இபிஎஃப் கணக்கில் தொடர்ந்து பணம் ஏறியிருக்காது. வங்கி மறுத்தால், வருமானத்தால் மறுத்ததா, குடியிருக்கும் இடத்தால் மறுத்ததா, வேறு எதனாலா? வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரிய வழியில்லை. பாகுபாடு நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. நடக்கிறதா இல்லையா என்று சரிபார்க்கும் கருவி நம்மிடம் இல்லை என்கிறேன்.

அமெரிக்காவில் அந்தக் கருவிக்காகச் சண்டை போட்டு வாங்கினார்கள். 1930களில் அரசு அமைப்பே கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளை வரைபடத்தில் சிவப்பாகக் குறித்து, கடனுக்கு ஆபத்தான இடம் என்றது. பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 1975இல் ஒரு சட்டம் வந்தது: எந்தப் பகுதியில் எவ்வளவு வீட்டுக் கடன் கொடுத்தீர்கள் என்று வங்கிகள் பகிரங்கமாகச் சொல்ல வேண்டும். 1977இல் இன்னொன்று: வங்கி தான் இயங்கும் வட்டாரத்தின் ஏழைப் பகுதிகளுக்கும் சேவை செய்கிறதா என்று அதிகாரிகள் மதிப்பிட வேண்டும். கடன் மறுத்தால் காரணம் சொல்லியாக வேண்டும் என்ற விதியும் அங்கே உண்டு.

இவை எல்லாவற்றையும் தடுத்துவிடவில்லை. 2008 நெருக்கடிக்கு முந்தைய ஆண்டுகளில் கறுப்பின, ஹிஸ்பானிக் மக்களிடம் அதிகக் கட்டணம் வாங்கியதாக எழுந்த குற்றச்சாட்டில் வெல்ஸ் ஃபார்கோ வங்கி 2012இல் 17 கோடியே 50 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்தது, தவறை ஒப்புக்கொள்ளவில்லை. லாஸ் ஏஞ்சலஸில் கறுப்பின, ஹிஸ்பானிக் பகுதிகளை ஒதுக்கியதாக எழுந்த வழக்கில் சிட்டி நேஷனல் வங்கி 2023இல் 3 கோடியே 10 லட்சம் டாலருக்கு மேல் ஒதுக்கச் சம்மதித்தது. எங்கே கடன் போகவில்லை என்பதைக் காட்ட, வங்கிகள் சட்டப்படி ஒப்படைத்த தரவு கையில் இருந்தது. இங்கே அப்படி வட்டாரவாரியாக ஒவ்வொரு வங்கியும் தரவு வெளியிட வேண்டும் என்ற சட்டம் இல்லை.

நிலையான வருமானம் இல்லாதவர்களுக்கு எஸ்ஜேகேபி என்ற அரசாங்க உத்தரவாதத் திட்டம் இருக்கிறது. வங்கி மறுத்துவிட்டது என்று விட்டுவிடாமல், அந்தத் திட்டத்தின் கீழ் விண்ணப்பிக்க முடியுமா என்று அதே கிளையில் கேளுங்கள்.

இப்போதே தவணை இடிக்கிறது என்றால்?

ஏகேபிகே 2006இல் பேங்க் நெகாரா அமைத்த கடன் ஆலோசனை நிறுவனம். கட்டணம் இல்லை. வங்கிகளோடு பேசித் தவணையை மாற்றியமைக்க உதவும். வழக்கறிஞர் கடிதம் வருவதற்கு முன்பு போனால் வாய்ப்பு அதிகம். சமூக ஊடகத்தில் ‘கடனைக் குறைத்துத் தருகிறோம்’ என்று முன்பணம் கேட்பவர்கள் இவர்கள் அல்ல. இபிஎஃப் கணக்கில் அக்காவுன் செஜாத்தெரா பகுதியிலிருந்து வீட்டுக் கடனைக் குறைக்கப் பணம் எடுக்கவும் வழி உண்டு, தகுதி இருந்தால்.

வங்கியிடம் பேசினால் எழுத்தில் பேசுங்கள். முகவரி மாறியிருந்தால் உடனே தெரிவியுங்கள். பழைய முகவரிக்கு அனுப்பிய நோட்டீஸும் வந்து சேர்ந்ததாகவே கருதப்படும் என்று பல ஒப்பந்தங்கள் சொல்கின்றன. இன்றைக்கு இரவு சாப்பிடும்போது அம்மாவிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: “நம்ம வீட்டுக்கு கிராண்ட் வந்துடுச்சாம்மா, யார் பேர்ல இருக்கு?”