கவ்வாத்துக்காரருக்குத் தெரிந்த வைத்தியம்

ஜூலை மாதம் கச்சான் காற்று இறங்கிவிட்டால் ஊவா மலைகளில் இரண்டு காரியம் நடக்கும். தொழிற்சாலைகளில் ஆண்டின் மிகச் சிறந்த தேயிலைத்தூள் தயாராகும். லயத்து இஸ்தோப்புகளில் பூச்சட்டிகள் வாடத் தொடங்கும். இரண்டுக்கும் காரணம் ஒரே காற்றுதான். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவுகளில் மழையைக் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி உலர்ந்த காற்றாக வெலிமடை, பண்டாரவளை, பசறைப் பக்கம் இறங்குகிறது. அந்த வறட்சியின் நெருக்கடியில் தேயிலைக் கொழுந்தில் சேரும் மணத்துக்குத்தான் உலகச் சந்தையில் ‘ஊவா சீசன்’ என்று தனி மதிப்பு. அதே காற்று, பெயின்ட் வாளியில் நிற்கும் அந்தூரியத்தின் இலை விளிம்பைச் சில நாட்களிலேயே கருக்கிவிடும்.

தோட்டத்து வீடுகளில் சட்டிச் செடிக்கு நகரத்து வீட்டில் இல்லாத ஓர் அர்த்தம் உண்டு. லயம் நிற்கும் மண் அதில் குடியிருப்பவருக்குச் சொந்தமில்லை. அதனால் ரோசாவும் துளசியும் கறிவேப்பிலையும் பால்மா டின்னிலும் ஓட்டை வாளியிலும் வளர்கின்றன. காம்பரா மாறினால் செடியும் கூடவே போகும். அம்மா வைத்த ரோசா, மகள் கல்யாணமாகிப் போன தோட்டத்தில் பூக்கிறது. இப்படிப்பட்ட செடி ஒன்று காய ஆரம்பித்தால் வீட்டில் உள்ளவர்களுக்கு மனசு கேட்பதில்லை. கேட்காத மனசு உடனே செய்வது தண்ணீர் ஊற்றுவது. பல செடிகள் சாவது அந்தத் தண்ணீரில்தான்.

இலை தொங்கினால் தாகம் என்று நினைக்கிறோம். வேர் அழுகினாலும் இலை அப்படியேதான் தொங்கும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. எது என்று அறிய விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டால் போதும். மண் காய்ந்திருந்தால் தாகம், ஊற்றலாம். மண் ஈரமாக இருந்தும் இலை தொங்கினால் நோய் கீழே இருக்கிறது. ஐப்பசி முதல் தை வரை பதுளைப் பக்கம் மழை பிடிக்கும் காலத்தில் இந்த இரண்டாவது வகைதான் அதிகம். உயரமும் கணக்கில் வரும். சுமார் 680 மீட்டர் உயரத்தில் உள்ள பதுளை நகரில் ஒரு செடி குடிக்கும் தண்ணீரை, 1,400 மீட்டருக்கு மேலே இருக்கும் ஹப்புத்தளைக் குளிரில் அது குடிக்காது. பதுளையில் இருக்கும் அக்கா சொன்ன அளவை ஹப்புத்தளையில் இருக்கும் தங்கச்சி அப்படியே பின்பற்றக் கூடாது.

கீழே நோய் என்றால் செடியைச் சட்டியோடு கவிழ்த்து எடுத்துப் பார்க்க வேண்டும். பலர் இதற்குத்தான் பயப்படுகிறார்கள். பயம் தேவையில்லை. நல்ல வேர் வெளுத்து உறுதியாக இருக்கும். கெட்ட வேர் பழுப்பேறி, நாற்றமடித்து, தொட்டால் தோல் உருவிக்கொண்டு நூல் மட்டும் மிஞ்சும். கெட்டதை எல்லாம் நெருப்பில் காட்டிய கத்தியால் வெட்டி எறிய வேண்டும். வேர் குறைந்துவிட்டதால் மேலே இலையையும் கிளையையும் அதே அளவுக்குக் குறைக்க வேண்டும். மீண்டும் நடுவதற்குப் பெரிய சட்டி வேண்டாம். மிஞ்சிய வேருக்கு ஏற்ற சிறிய சட்டியே நல்லது. அதிக மண் அதிக ஈரத்தைப் பிடித்து வைத்து மறுபடியும் அழுகச் செய்யும்.

மேலே எவ்வளவு வெட்டுவது? இந்தக் கேள்விக்கு விடை ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்கிறது. சில வருடங்களுக்கு ஒருமுறை தேயிலையைக் கவ்வாத்து வெட்டுகிறார்கள். புதிதாகப் பார்ப்பவருக்கு மலையே செத்துப்போனதுபோல் தெரியும். வெட்டிய மிலாறு அடுப்புக்குப் போகும்; செடி குச்சியாக நிற்கும். ஆனால் அந்த வெட்டுக்கு முன்னால் ஒரு பரிசோதனை உண்டு. பென்சில் பருமனுள்ள வேரை வெட்டி அயடீன் கரைசலில் நனைத்துப் பார்ப்பார்கள். கருநீலமாக மாறினால் வேரில் மாப்பொருள் இருக்கிறது, வெட்டலாம். நிறம் மாறாவிட்டால் கொழுந்து பறிப்பதை நிறுத்திச் செடிக்கு ஓய்வு கொடுத்துவிட்டுத்தான் கத்தியை எடுக்க வேண்டும். நலிந்த செடியில் ஒன்றிரண்டு கிளைகளை இலையோடு விட்டுவைப்பதும் உண்டு. புதுத் துளிர் வரும்வரை அந்த இலைகள்தான் வேருக்குச் சோறு போடும். வீட்டுச் செடிக்கும் இதுவே விதி: காய்ந்ததையும் அழுகியதையும் தயங்காமல் வெட்டுங்கள், பச்சையாக நிற்கும் இலையில் கொஞ்சத்தை விட்டுவையுங்கள்.

வெட்டிய பிறகு, நாற்று வளர்க்கும் தவறணைப் பெண்களின் முறை வருகிறது. ஓர் இலையும் ஒரு துண்டுத் தண்டும் மட்டுமே உள்ள தேயிலைத் துண்டைப் பொலித்தீன் உறையில் நட்டு, நிழல் போட்டு, ஈரம் வெளியேறாமல் பொலித்தீனால் மூடி, வேர் விட்டபின் கொஞ்சம் கொஞ்சமாக வெளிக்காற்றுக்குப் பழக்குகிறார்கள். தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் தந்த ‘TRI 2025’ போன்ற ரகங்கள் மலைமலையாகப் பரவியது இவர்கள் கையால்தான். வாடிய வீட்டுச் செடியையும் அப்படியே தெளிவான பொலித்தீன் பையால் மூடி, நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வைக்கலாம். துளிர் வந்ததும் பையை முதலில் ஒரு பக்கம் திறந்து, பிறகு எடுத்துவிடலாம். வேரே மிஞ்சாத செடியென்றால் நல்ல கிளை ஒன்றை வெட்டிப் பதியன் வையுங்கள். தாய் போனாலும் வம்சம் நிற்கும்.

பசளை வேண்டாம், துளிர் வரும்வரை. வெட்டுப்பட்ட வேரில் பசளை உப்பு பட்டால் கருகிவிடும். மிஞ்சிய சாயத்தண்ணியைச் செடிக்கு ஊற்றும் பழக்கமும் நம்மிடம் உண்டு. சீனியும் பாலும் கலந்தது என்றால் எறும்பும் பூஞ்சணமும்தான் வரும். தேயிலைச் சக்கையைக் கூட்டெருவில் போட்டு மக்கவைத்துப் போடுவதே நல்லது. மலையிலிருந்து அள்ளிவந்த மண்ணை மட்டும் சட்டியில் நிரப்புவதும் பிழை. தேயிலை மண் புளிப்பு மண். கவ்வாத்துக் காலத்தில் தோட்டமே அதற்கு டொலமைட் போடுகிறது. தேயிலைக்கும் அதன் உறவான கமேலியாவுக்கும் அந்தப் புளிப்பு பிடிக்கும், எல்லாப் பூச்செடிக்கும் பிடிக்காது. ஆற்று மணலும் தும்புத்தூளும் கூட்டெருவும் கலந்தால் நீர் வடியும், வேருக்குக் காற்றும் கிடைக்கும்.

இலையின் அடிப்பக்கத்தையும் திருப்பிப் பார்க்க வேண்டும். கச்சான் காலத்து உலர்வில் சிவப்புச் சிலந்திப் பேன் அங்கேதான் குடியேறும். ஈரத் துணியால் துடைத்து, மெல்லிய சவர்க்காரத் தண்ணீரால் கழுவினால் பெரும்பாலும் அடங்கும். இலையின் அடிப்பக்கம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஊவாவே சாட்சி. 1869இல் மடுல்சீமையில் கோப்பி இலையின் அடியில் செம்மஞ்சள் தூள் படிந்திருந்தது இலங்கையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. இலை பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்குப் போய், அங்கிருந்து இங்கிலாந்துக்குப் போய், பெர்க்லி என்ற பூஞ்சண அறிஞர் அந்தத் தூளை உண்டாக்கிய பூஞ்சணத்துக்குப் பெயர் வைத்தார். தோட்டக்காரர் பலர் முதலில் பொருட்படுத்தவில்லை. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் இலங்கையின் கோப்பி ஏறத்தாழ அழிந்தது. அந்த இடத்தில் தேயிலை வந்தது. கோப்பிக் காலத்தில் வந்து வந்து போய்க்கொண்டிருந்த நம் முன்னோர், ஆண்டு முழுவதும் வேலையுள்ள தேயிலையோடு இந்த மலைகளிலேயே தங்கினார்கள்.

ஒன்றரை நூற்றாண்டாகச் செடியின் நாடி பிடித்துப் பழகிய கைகள் நம் தோட்டங்களில் இருக்கின்றன. அந்த அறிவுக்கு நாள் கூலி கிடைத்தது, மரியாதை கிடைக்கவில்லை. பிள்ளைகளும் அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளவில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம். உங்கள் லயத்திலோ பக்கத்து லயத்திலோ ஓய்வுபெற்ற கவ்வாத்துக்காரர் ஒருவர், தவறணையில் வேலை செய்த அம்மா ஒருவர் கட்டாயம் இருப்பார். அடுத்த முறை செடி வாடினால், கடையில் போத்தல் மருந்து வாங்கும் முன் அவர்களைக் கூப்பிட்டுச் செடியைக் காட்டுங்கள். பக்கத்தில் பிள்ளைகளையும் நிறுத்திவையுங்கள்.