நிறுத்திவைக்கப்பட்ட பொதிகள்

மேம்படுத்தும் வேலை முடிந்துவிட்டது என்று கணிப்பொறி அறிவிக்கிறது. ஆனால் திரையில், ‘3 பொதிகள் மேம்படுத்தப்படவில்லை’ என்றும் ஒரு குறிப்பு காணப்படுகிறது. அவ்வாறெனில் வேலை முடிந்ததா, முடியவில்லையா? லினக்ஸ் பயன்படுத்தும் மாணவர் பலருக்கும் எழும் ஐயம் இது.

லினக்ஸ் நமக்குப் புதியதன்று. 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில், மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. நூம்பலும் இம்மாவட்டத்தைச் சேர்ந்த ஊரே. அத்திட்டத்தில் வழங்கிய மடிக்கணினிகள் பலவற்றில் ‘பாஸ்’ லினக்ஸ் இடம்பெற்றிருந்தது. சி-டாக் என்னும் மத்திய அரசு நிறுவனத்தின் சென்னை மையத்தில் உருவான இதன் முதற்பதிப்பு 2007-இல் வெளிவந்தது. டெபியன் என்னும் லினக்ஸ் வகையே இதற்கு அடிப்படை. உபுண்டுவும் அக்குடும்பத்தைச் சேர்ந்ததே. இம்மூன்றிலும் மென்பொருள்களைச் சேர்ப்பது, நீக்குவது, புதுப்பிப்பது ஆகியவற்றைச் செய்யும் கருவியின் பெயர் ‘ஆப்ட்’.

பொதியும் அதன் சீட்டும்

லினக்ஸில் ஒவ்வொரு மென்பொருளும் ‘பொதி’யாகக் கட்டப்பட்டு வருகிறது. 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13-இல் ஏறத்தாழ 70 ஆயிரம் பொதிகள் உள்ளன. ஒவ்வொரு பொதியின் மீதும் ஒரு சீட்டு ஒட்டியிருப்பதாகக் கொள்ளுங்கள். பொதியின் பெயர் என்ன, எத்தனையாவது பதிப்பு, எந்தப் பொதிகள் உடனிருந்தால்தான் வேலை செய்யும், எந்தப் பொதியோடு சேர்ந்திருக்க முடியாது என்னும் விவரங்கள் அச்சீட்டில் இருக்கும். ஆப்ட் இச்சீட்டுகளையெல்லாம் படித்து, ஒன்றுக்கொன்று முரண்படாத ஒரு கணக்கைப் போடுகிறது. கணக்கில் பொருந்தாத பொதியை அது பலவந்தமாக நுழைப்பதில்லை, நிறுத்திவைக்கிறது.

ஆவடி நிலையத்தின் ஓரத் தடத்தில் ஒரு சரக்கு ரயில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். முன்னே உள்ள தடம் காலியாக இல்லாதிருக்கலாம். ‘இதை விடாதே’ என்று அதிகாரி உத்தரவிட்டிருக்கலாம். அல்லது அதன் முறை இன்னும் வராமல் இருக்கலாம். ரயில் பழுதாகிவிட்டது என்று நாம் முடிவு கட்டுவதில்லை அல்லவா? பொதிகள் நிற்பதற்கும் இதைப் போலவே மூன்று காரணங்கள் உண்டு.

காரணம் 1: தடம் காலியில்லை

‘ஆப்ட் அப்கிரேட்’ என்னும் கட்டளைக்கு ஓர் உறுதி உண்டு. ஏற்கெனவே உள்ள பொதி எதையும் அது நீக்காது. புதிய பதிப்பு உள்ளே வரப் பழைய பொதி ஒன்று வெளியேற வேண்டுமென்றால், புதியது வாசலிலேயே நிற்கும்.

இதற்கு நல்ல உதாரணம் 2024-இல் நடந்தது. லினக்ஸ் கணிப்பொறிகள் நேரத்தை 1970 ஜனவரி 1 முதல் விநாடிகளாக எண்ணுகின்றன. எதிர்ம எண்களையும் குறிக்கும் வகையில் அமைந்த 32 பிட் இடத்தில் அடங்கக்கூடிய மிகப் பெரிய எண் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. இந்த எண்ணிக்கை 2038 ஜனவரி 19 அன்று, இந்திய நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடிக்கு நிரம்பிவிடும். அடுத்த விநாடியில் இப்படிப்பட்ட கணிப்பொறி 1901-ஆம் ஆண்டுக்குத் தாவிவிடும்! இதைத் தவிர்க்க டெபியன் அறிஞர்கள் நேரத்துக்கு 64 பிட் இடம் ஒதுக்கினர். அதற்காக நூற்றுக்கணக்கான பொதிகளின் பெயர்கள் ‘டி64’ என்னும் ஒட்டுடன் மாறின. புதிய பெயருள்ள பொதி நுழையப் பழைய பெயருள்ள பொதி வெளியேற வேண்டியிருந்தது. ஆகவே அப்போது டெபியனின் வளர்நிலைப் பதிப்பைப் பயன்படுத்தியவர்கள், நிறுத்திவைக்கப்பட்ட பொதிகளின் நீண்ட பட்டியலைக் கண்டனர்.

‘ஆப்ட்-கெட் அப்கிரேட்’ என்னும் பழைய கட்டளை இன்னும் கண்டிப்பானது. அது புதிய பொதி எதையும் சேர்க்கவும் செய்யாது. லினக்ஸின் மையமான கெர்னல், உபுண்டுவில் ஒவ்வொரு முறையும் புதுப் பெயருள்ள பொதியாக வருகிறது. எனவே அக்கட்டளையை மட்டும் நம்பியிருப்பவரின் கணிப்பொறியில், பாதுகாப்புக் குறை நீக்கப்பட்ட கெர்னல் வெளிவந்த பின்பும், பழையதே ஓடிக்கொண்டிருக்கக்கூடும்.

காரணம் 2: அதிகாரியின் உத்தரவு

‘இந்தப் பதிப்பே எனக்குப் போதும்’ என்று கணிப்பொறியின் உரிமையாளரே ஒரு பொதியை நிறுத்திவைக்கலாம். அதற்கான கட்டளை ‘ஆப்ட்-மார்க் ஹோல்ட்’. பள்ளி ஆய்வகத்தில் ஒரு பாடத்துக்குக் குறிப்பிட்ட பதிப்பு தேவைப்படும்போது இது பயன்படும். ‘ஆப்ட்-மார்க் அன்ஹோல்ட்’ என்றால் உத்தரவு ரத்தாகும்.

காரணம் 3: முறை வரவில்லை

உபுண்டுவில் சில புதுப்பிப்புகள் எல்லோருக்கும் ஒரே நாளில் தரப்படுவதில்லை. முதலில் ஒரு சிறு விழுக்காட்டுக் கணிப்பொறிகளுக்குச் செல்லும். குறை எதுவும் தெரியவில்லையெனில் அவ்விழுக்காடு படிப்படியாக உயரும். உங்கள் முறை வரும்வரை பொதி காத்திருக்கும். இதற்கு நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை.

பட்டியலைப் படிப்பது எப்படி?

கட்டளைகளை ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும். இங்கே அவற்றின் ஒலிப்பைத் தருகிறோம். முதலில் ‘சூடோ ஆப்ட் அப்டேட்’, பின்பு ‘சூடோ ஆப்ட் அப்கிரேட்’ என இரண்டையும் செய்து முடியுங்கள்.

அடுத்து ‘ஆப்ட் லிஸ்ட் --அப்கிரேடபிள்’ என்று கொடுங்கள். புதிய பதிப்பு இருந்தும் ஏறாமல் நிற்கும் பொதிகள் அத்தனையும் வரிசையாக வரும்.

அதன்பின் ‘ஆப்ட்-மார்க் ஷோஹோல்ட்’ என்று கொடுங்கள். இங்கேதான் பலர் குழம்புகின்றனர். முதற்பட்டியலில் 3 பெயர்கள் இருக்க, இரண்டாவது பட்டியல் வெறுமையாக இருக்கலாம். இது முரண்பாடன்று. இரண்டாவது பட்டியலில் உரிமையாளரின் உத்தரவால் நிற்பவை மட்டுமே வரும். அதில் இல்லாதவை முதற்காரணத்தாலோ மூன்றாவது காரணத்தாலோ நிற்கின்றன. முறைக்காகக் காத்திருப்பவற்றை ஆப்டின் புதிய பதிப்புகள் தனித் தலைப்பிட்டுக் காட்டிவிடுகின்றன.

எஞ்சியவற்றுக்கு ‘ஆப்ட் -எஸ் ஃபுல்-அப்கிரேட்’ என்னும் ஒத்திகைக் கட்டளை உண்டு. இது எதையும் மாற்றாது. எவை வரும், எவை நீக்கப்படும் என்று சொல்லிக்காட்டும். நீக்கப்படுபவை பழைய நூலகப் பொதிகள் மட்டுமே எனில், ‘-எஸ்’ இல்லாமல், முன்னே ‘சூடோ’ சேர்த்து அக்கட்டளையைத் தரலாம். உங்களுக்கு வேண்டிய மென்பொருளின் பெயர் அதில் இருந்தால், சில நாள் பொறுப்பதே நல்லது.

படிக்காமல் ‘ஆம்’ என்று சொன்னால் என்ன ஆகும்? 2021-இல் ‘பாப் ஓஎஸ்’ என்னும் லினக்ஸ் வகையில், காணொளி தயாரிப்பாளர் ஒருவர் விளையாட்டு மென்பொருள் ஒன்றை நிறுவ முயன்றார். திரைமுகப்புப் பொதிகள் நீக்கப்படும் என்று ஆப்ட் எச்சரித்தது. ‘ஆம், நான் சொல்வதைச் செய்’ என்று பொருள்படும் வாக்கியத்தை அவர் தட்டச்சு செய்தார். சொன்னபடியே செய்தது ஆப்ட்; திரைமுகப்பு மறைந்து, வெறும் எழுத்துத் திரை மட்டுமே எஞ்சியது! அதன்பின் அவசியமான பொதிகளை எளிதில் நீக்க முடியாதபடி ஆப்ட் திருத்தப்பட்டது.

ஆகவே மாணவர்களே, ‘நிறுத்திவைக்கப்பட்டது’ என்னும் செய்தியைப் பிழை என்று எண்ணி அஞ்ச வேண்டாம். நாள்கணக்கில் கவனிக்காமல் விட்டுவிடவும் வேண்டாம். ‘உன்னைக் கேட்காமல் இதைச் செய்யமாட்டேன்’ என்று கணிப்பொறி சொல்லும் செய்தி அது. பட்டியலை எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மேற்கண்ட மூன்றில் எந்தக் காரணம் என்று எழுதிப் பாருங்கள். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது தானாகவே விளங்கும்.