கிட்னியைக் கெடுப்பது மாத்திரையா?

கெடாவின் பாடாங் செராய், லூனாஸ், காராங்கான் பக்கம் பல தமிழர் வீடுகளில் அலமாரியைத் திறந்தால் அரசு மருத்துவமனையின் மருந்துப் பை இருக்கும். அதற்குள் இனிப்புநீருக்குத் தரும் மெட்ஃபார்மின் மாத்திரையின் பிரிக்காத அட்டைகள், ஒரு மாதத்துக்கும் இரண்டு மாதத்துக்குமாகச் சேர்ந்து கிடக்கும். கேட்டால், "இத சாப்பிட்டா கிட்னி போயிடும்" என்பார்கள்.

2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. ஆகவே அந்தப் பையில் என்ன இருக்கிறது, ஏன் இருக்கிறது என்பது நம் குடும்பங்களின் சொந்த விவகாரம்.

மெட்ஃபார்மின்தான் பெரும்பாலோருக்கு முதல் மருந்து. விலை குறைவு, எடை கூட்டாது, தனியாகச் சாப்பிட்டால் சர்க்கரையை அபாயமாக இறக்குவதும் அரிது. 1957-இல் பிரெஞ்சு மருத்துவர் ழான் ஸ்டெர்ன் இதை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்து எழுதினார். அது சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. கெடுப்பது பல வருடம் ஏறியே கிடக்கும் சர்க்கரையும் இரத்த அழுத்தமும். சிறுநீரகம் தளர்ந்தபின் இந்த மருந்து உடலில் தேங்கும் என்பதால் மருத்துவர் அளவைக் குறைப்பார், ஒரு கட்டத்தில் நிறுத்தியே விடுவார். நிறுத்தியதைப் பார்த்தவர்கள் பழியை மாத்திரைமேல் போட்டுவிட்டார்கள்.

சிலருக்கு அது வயிற்றைக் கலக்கும் என்பது உண்மை. சாப்பாட்டோடு எடுத்து, அளவை மெல்லக் கூட்டினால் பெரும்பாலும் அடங்கும். மருத்துவரிடம் சொல்லாமல் நிறுத்துவதுதான் கெடுதல். சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி ஏறியிருப்பதைப் பார்க்கும் மருத்துவர், மாத்திரை போதவில்லை என்று நினைத்து இரண்டாவது மருந்தை எழுதுகிறார். தேவையில்லாத அந்த இரண்டாவது மருந்தை எழுத வைத்தது நம் மௌனம்.

இரண்டாவதாகப் பெரும்பாலும் வருவது கிளிக்கிளசைட். இங்கேதான் எனக்குக் கவலை அதிகம். நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். விடியுமுன் வெறும் வயிற்றோடு தோட்டத்துக்குப் போகிறவருக்கும், கூலிம் ஹைடெக் பூங்காத் தொழிற்சாலையில் நைட் ஷிப்ட் முடித்துச் சாப்பிடாமல் தூங்குகிறவருக்கும் சர்க்கரை திடீரென்று இறங்கி வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், நினைவு தப்பும். வேலை நேரத்தை மருத்துவர் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நாமே சொல்ல வேண்டும். சொன்னால் நேரத்தை மாற்றலாம், மருந்தையே மாற்றலாம். எம்பாகிளிஃப்ளோசின் போன்ற புதியவை சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றி, இதயத்தையும் சிறுநீரகத்தையும் காக்கின்றன. அவை விலை கூடியவை என்பதால் அரசு மருத்துவமனைகளில் யாருக்குத் தேவை என்று பார்த்துத்தான் தருவார்கள்.

இன்சுலின் என்றதும் "கடைசிக் கட்டமா டாக்டர்?" என்று கண் கலங்குகிறவர்கள் உண்டு. கணையம் களைத்துப்போனால் வெளியிலிருந்து கொடுக்கிறார்கள், அவ்வளவுதான். பேனா ஊசியின் முனை மயிரிழை போல மெல்லியது. பயந்து தள்ளிப்போடும் வருடங்களில்தான் கண்ணும் காலும் போகின்றன.

பல அரசு மருத்துவமனைகளில் மருந்தாளர்களே நடத்தும் மருந்து ஆலோசனைக் கிளினிக் உண்டு. அடுத்த முறை போகும்போது மிச்சமிருக்கும் அட்டைகளையெல்லாம் பையோடு கொண்டுபோய் அவர்கள் மேசையில் வையுங்கள். எண்ணிப் பார்த்துவிட்டு, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று அவர்களே கேட்பார்கள்.