நுரைக்குள் ஒளிந்திருந்த சத்து

பாகூர், வில்லியனூர்ப் பக்கத்துக் கிராமங்களில் தென்னை மரத்தின் உச்சியில் கலயம் கட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் பதநீர் கிடைக்கும். தடவாவிட்டால் அதே சாறு சில மணி நேரத்தில் நுரைத்துப் பொங்கிக் கள்ளாகிவிடும். புதுச்சேரி பேக்கரிகளில் பிசைந்து வைத்த ரொட்டி மாவும் இப்படித்தான் உப்பி எழுகிறது. கலயத்துக்கும் ரொட்டிக்கும் என்ன உறவு? இரண்டிலும் வேலை செய்வது ஈஸ்ட் என்ற ஒரு நுண்ணுயிர்.

ஈஸ்ட் காளான் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒரே ஒரு செல்தான் அதன் உடல். நூற்றைம்பது ஈஸ்ட் செல்களை வரிசையாக நிறுத்தினால்தான் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் நீளம் வரும்! சர்க்கரையைத் தின்று, கரியமில வாயுவையும் சாராயத்தையும் வெளிவிடும். நல்ல உணவும் இதமான சூடும் இருந்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் ஒன்று இரண்டாகிவிடும். நொதித்தல் என்பது உயிருள்ள ஈஸ்ட் செய்யும் வேலை என்று 1857-ஆம் ஆண்டிலிருந்து சோதனைகள் மூலம் காட்டியவர் பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர்.

இந்த ஈஸ்டையே உணவாகவும் விற்கிறார்கள். கரும்புச் சாற்றில் சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கழிவுப்பாகில் அதை வளர்த்து, கழுவி, சூடாக்கிக் கொன்று, உலர்த்துகிறார்கள். மஞ்சள் நிறச் செதில்களாகவோ தூளாகவோ டப்பாவில் வருகிறது. 'நியூட்ரிஷனல் ஈஸ்ட்' என்று பெயர். அதன் எடையில் ஏறத்தாழ பாதி புரதம். பி வகை வைட்டமின்கள் பலவும் உண்டு. ஆனால் விலை அதிகம். இதை வாங்கத்தான் வேண்டுமா? விடை தேட, சுமார் நூறு ஆண்டுகளுக்கு முந்தைய பம்பாய்க்குப் போவோம்.

பம்பாய்த் தாய்மார்களின் நோய்

1928-இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் பம்பாய் வந்தார். அங்கே நெசவாலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள் பலருக்குக் கர்ப்ப காலத்தில் கடுமையான ரத்தசோகை வந்தது. உயிர் இழந்தவர்களும் உண்டு. அவர்களுடைய ரத்தத்தை நுண்நோக்கியில் பார்த்தால் சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்தும், அளவில் பெருத்தும் இருந்தன.

கிருமிதான் காரணமோ என்று முதலில் தேடினார். கிடைக்கவில்லை. பிறகு அவர்கள் சாப்பிடும் சாப்பாட்டை ஆராய்ந்தார். வசதியுள்ள பெண்களுக்கு இந்த நோய் அரிது. ஏழைப் பெண்களின் உணவில் காய்கறி, பழம், பால் எல்லாமே குறைவு. 1929-இல் நம் நீலகிரியில் உள்ள குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் எலிகளுக்கு அதே உணவைக் கொடுத்துச் சோதித்தார். பின்னர் குரங்குகளையும் சோதித்தார். ரத்தசோகை கண்ட குரங்குக்கு 'மார்மைட்' கொடுத்ததும் அது நன்றாகத் தேறியது.

மார்மைட் என்பது மது ஆலைகளில் மிஞ்சும் ஈஸ்டிலிருந்து எடுக்கும் கருநிறச் சாறு. 1902 முதல் இங்கிலாந்தில் தயாராகிறது. இலங்கையில் இன்றும் அதை ரொட்டியில் தடவிச் சாப்பிடுவார்கள். அன்று அது மலிவான பொருள்.

அதைப் பெண்களுக்குக் கொடுத்தார் லூசி வில்ஸ். அவர்கள் விரைவாகத் தேறினார்கள். 1931-இல் சென்னை திருவல்லிக்கேணி கோஷா மருத்துவமனையிலும் இந்த ஆராய்ச்சி தொடர்ந்தது. இன்றைய அரசு கஸ்தூரிபா காந்தி மருத்துவமனைதான் அது. முடிவுகள் அந்த ஆண்டே வெளியாயின. ஆனால் ஈஸ்டில் இருந்த அந்தச் சத்து எது? பெயர் தெரியாததால் 'வில்ஸ் காரணி' என்றே அழைத்தார்கள்.

ஈஸ்டிலிருந்து கீரைக்கு

பத்து ஆண்டுகள் கழித்து, 1941-இல், அமெரிக்க விஞ்ஞானிகள் நான்கு டன் பசலைக் கீரையை அரைத்துச் சிறிதளவு சத்தைப் பிரித்தெடுத்தார்கள். இலைக்கு லத்தீன் மொழியில் 'ஃபோலியம்' என்று பெயர். ஆகவே 'ஃபோலிக் அமிலம்' என்று பெயர் வைத்தார்கள். அதை ஆய்வுக்கூடத்தில் செயற்கையாகத் தயாரித்து 1945-இல் அறிவித்த லெடர்லி குழுவுக்குத் தலைமை தாங்கியவர் யார் தெரியுமா? சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ்!

புதிய ரத்த அணுக்கள் பிறக்க வேண்டுமானால் செல்கள் பிரிய வேண்டும். பிரியும் முன் ஒவ்வொரு செல்லும் தன் டி.என்.ஏ.வைப் பிரதி எடுக்க வேண்டும். அதற்கு ஃபோலிக் அமிலம் தேவை. அது குறைந்தால் அணு வளர்ந்துகொண்டே போகும், ஆனால் பிரியாது. பெருத்த அணுக்களின் மர்மம் இதுதான்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஈஸ்டில் இருந்த சத்தும் கீரையில் இருந்த சத்தும் ஒன்றே. பாகூர் ஏரிப் பாசனத்தில் விளையும் பயறு வகைகளிலும், உங்கள் வீட்டு வேலியோரத்து முருங்கைக் கீரையிலும் அது உண்டு. விலை உயர்ந்த டப்பா இல்லாமலே அதைப் பெறலாம்.

ஈஸ்டில் இல்லாதவை

பி12 என்ற வைட்டமினை ஈஸ்டால் உண்டாக்க முடியாது. கீரையிலும் அரிசியிலும் பருப்பிலும் அது கிடையாது. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சியில்தான் உண்டு. சில ஈஸ்ட் டப்பாக்களில் தொழிற்சாலையில் பி12 தனியாகச் சேர்க்கிறார்கள். சேர்க்காத டப்பாவை நம்பி, பால்கூடச் சாப்பிடாமல் இருப்பவருக்கு ஆபத்து காத்திருக்கிறது. பி12 குறைந்தாலும் ரத்த அணுக்கள் பெருக்கும். அப்போது ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் ரத்தம் சரியானதுபோல் தோன்றும். உள்ளே நரம்புகள் கெட்டுக்கொண்டே போகும்.

நம் நாட்டில் மிகுதியாகக் காணும் ரத்தசோகைக்கு முக்கியக் காரணம் இரும்புச் சத்துக் குறைவு. ஈஸ்டை மட்டும் நம்பினால் அது தீராது. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 19 வயதுள்ள இந்தியப் பெண்களில் 100-க்கு 59 பேருக்கு ரத்தசோகை. அதனால்தான் பள்ளியில் வாரம் ஒரு நீல நிற மாத்திரை கொடுக்கிறார்கள். அதில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. வில்ஸ் தேடிய அதே சத்து!

வாங்குபவர் கவனிக்க

- பேக்கரி ஈஸ்ட் வேறு, உணவு ஈஸ்ட் வேறு. பேக்கரி ஈஸ்ட் உயிருள்ளது. வேகவைக்காமல் தின்றால் வயிறு உப்பும். வைட்டமின்களும் சரியாகக் கிடைக்காது.
- லேபிளைப் படியுங்கள். பி12 சேர்த்ததா, ஒரு கரண்டியில் எவ்வளவு, உப்பு எவ்வளவு, காலாவதி நாள் எது என்று பாருங்கள். 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்க வேண்டும்.
- வெளிச்சமும் ஈரமும் சத்தைக் கெடுக்கும். மூடிய டப்பாவில் நிழலில் வையுங்கள்.
- அடுப்பிலிருந்து இறக்கியபின் தூவுங்கள். சுண்டல், கஞ்சி, தோசைப் பொடி எதிலும் கலக்கலாம். பெரியவர்களுக்கு நாளைக்கு ஒரு மேசைக்கரண்டி போதும்.
- யூரிக் அமிலம் மிகுந்து மூட்டு வலி உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சாப்பிடக் கூடாது.

கீரைக்கும் ஒரு விதி உண்டு. ஃபோலிக் அமிலம் தண்ணீரில் கரையும், நெடுநேரம் கொதித்தால் அழியும். எனவே கீரையை அளவான நீரில் சீக்கிரம் வேகவைத்து, அந்த நீரையும் சேர்த்துக் கடைந்துவிடச் சொல்லுங்கள்.

செய்து பார்

இரண்டு சிறு பாட்டில்கள், இரண்டு பலூன்கள், சர்க்கரை, பேக்கரி ஈஸ்ட் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பாட்டிலில் அரை டம்ளர் வெதுவெதுப்பான நீர், இரண்டு கரண்டி சர்க்கரை, ஒரு கரண்டி ஈஸ்ட் போடுங்கள். இன்னொரு கரண்டி ஈஸ்டை அரை டம்ளர் நீரில் போட்டு, பெரியவர் ஒருவரின் துணையுடன் ஐந்து நிமிடம் கொதிக்க வையுங்கள். ஆறி வெதுவெதுப்பானதும் அதே அளவு சர்க்கரை சேர்த்து இரண்டாம் பாட்டிலில் ஊற்றுங்கள். இரண்டின் வாயிலும் பலூனை மாட்டி ஒரு மணி நேரம் காத்திருங்கள். எந்த பலூன் உப்புகிறது? எது உப்பவில்லை? ஏன்?

உப்பாத பாட்டிலில் நடந்ததைத்தான் உணவு ஈஸ்ட் தொழிற்சாலையிலும் செய்கிறார்கள். ஈஸ்டின் உயிர் போய்விட்டது, சத்தில் பெரும்பகுதி தங்கிவிட்டது. உங்கள் வகுப்பில் செய்து பார்த்து, முடிவைக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். அடுத்த முறை கடைக்குப் போகும்போது, 'சத்து மாவு', 'சத்து பானம்' என்று எழுதிய எந்த டப்பாவையும் எடுத்து, பெயரைப் படிக்கும் முன் அதன் பின்பக்கத்தைப் படியுங்கள்.