தின்னர் டின்னும் வளைகுடா வெயிலும்



பெயிண்டராக வேலை பார்க்கும் நேயர் ஒருவர் நம் நிலையத்துக்குத் தொலைபேசியில் கேட்ட கேள்வி இது: "அண்ணே, ஊர்ல இருபது வருஷம் மண்ணெண்ணெய் அடுப்பு பத்த வச்சவன் நான். இங்க தின்னர் டின்னைத் தொட்டாலே சூப்பர்வைசர் சத்தம் போடுறாரு. அப்படி என்னதான் இருக்கு அதுல?"

நான் வேதியியல் படித்தவன் அல்லன். பி.காம். முடித்துவிட்டுப் பல வருடங்களாகக் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். ஆனால் தின்னர் வாங்கிய பில் என் மேஜை வழியாகத்தான் போகிறது. பிரஷ், கையுறை, துடைக்கும் துணி ஆகியவற்றோடு அதையும் 'கன்ஸ்யூமபிள்ஸ்' என்ற ஒரே தலைப்பில் பதிவது வழக்கம். கணக்குக்கு அது சரிதான். கிடங்கிலும் அப்படியே துணி மூட்டைக்குப் பக்கத்தில் டின்னை அடுக்கினால் விபரீதம். ஏன் என்பதை இந்த மாத உரையில் பார்ப்போம்.

திரவம் எரிவதில்லை, ஆவிதான் எரிகிறது

தின்னர் ஒரே பொருள் அல்ல. டொலுவீன், சைலீன், அசிட்டோன் போன்ற கரைப்பான்களை ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு விகிதத்தில் கலந்து விற்கிறது. இந்தத் திரவங்களின் மேலே எழும் ஆவி காற்றோடு கலக்கும்போதுதான் நெருப்புப் பிடிக்கும். எந்த வெப்பநிலையில் போதுமான ஆவி எழுந்து, ஒரு பொறி பட்டதும் பற்றிக்கொள்கிறதோ, அதற்குப் பெயர் 'பிளாஷ் பாயிண்ட்'. அதற்குக் கீழே தீக்குச்சியைக் காட்டினாலும் எளிதில் பற்றாது. அதற்கு மேலே ஒரு சிறு பொறி போதும்.

சில எண்களைப் பாருங்கள். எல்லாம் டிகிரி செல்சியஸ் கணக்கு. தயாரிப்பைப் பொறுத்துச் சற்றே மாறும்.

பெட்ரோல்: மைனஸ் 40ஐ ஒட்டி
அசிட்டோன்: மைனஸ் 20
டொலுவீன்: 4
சைலீன்: 25 முதல் 30 வரை
ஸ்டைரீன் (பைபர்கிளாஸ் ரெசினில் இருப்பது): 31
ஒயிட் ஸ்பிரிட், மண்ணெண்ணெய்: பெரும்பாலும் 38ஐ ஒட்டி
டீசல்: பெரும்பாலும் 50க்கு மேல்

நேயரின் கேள்விக்கு விடை இந்தப் பட்டியலிலேயே இருக்கிறது. ஊரில் காலை நேரத்தில் சமையலறை 28 டிகிரி இருக்கும். மண்ணெண்ணெய் அதன் பிளாஷ் பாயிண்ட்டுக்குக் கீழே அமைதியாகக் கிடக்கும். திரி இருந்தால்தான் எரியும். அந்தப் பழக்கம்தான் நமக்குத் தைரியம் தந்தது. வளைகுடாவில் ஜூலை மாத மதியம் நிழலிலேயே 45 டிகிரி வரும். வெயிலில் நிற்கும் இரும்புக் கண்டெய்னருக்குள் அதைவிட அதிகம். மூடி நிறுத்திய காருக்குள் 60ஐத் தாண்டும். அதே மண்ணெண்ணெய், அதே ஒயிட் ஸ்பிரிட் இங்கே பிளாஷ் பாயிண்ட்டைத் தாண்டி நிற்கின்றன. ஊரில் பெட்ரோலுக்குக் காட்டிய மரியாதையை இங்கே மண்ணெண்ணெய்க்கும் காட்ட வேண்டும். தின்னரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அது குளிர்காலத்திலும் இங்கே அபாயம்தான்.

கண்ணுக்குத் தெரியாமல் ஊர்ந்து போகும்

டொலுவீன் ஆவி காற்றைப்போல மூன்று மடங்கு கனமானது. மேலே பறந்து கலைந்துவிடாது. தண்ணீர் மாதிரி தரையோடு தவழ்ந்து, படிக்கட்டில் இறங்கி, பள்ளத்தில் தேங்கும். ஒரு மூலையில் டின் திறந்திருக்க, பத்தடி தள்ளி ஓடும் பிரிட்ஜின் சுவிட்சோ, சுலைமானி டீ போடும் அடுப்போ, யாரோ பற்ற வைத்த சிகரெட்டோ போதும். அங்கே பிடித்த தீ ஆவியின் வழியாகவே திரும்பி ஓடிவந்து டின்னை அடையும். "நான் டின் பக்கத்தில் பற்ற வைக்கவே இல்லையே" என்று சொல்பவர் உண்மையைத்தான் சொல்கிறார்.

காலி டிரம்மின் கணக்கு

நிறைந்த டிரம்மைவிடக் காலி டிரம்தான் ஆபத்து என்றால் பலரும் சிரிக்கிறார்கள். கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். காற்றில் டொலுவீன் ஆவி சுமார் 1.1 சதவீதம் இருந்தாலே வெடிக்கும் கலவை ஆகிவிடும். 200 லிட்டர் டிரம்மில் 1.1 சதவீதம் என்றால் 2.2 லிட்டர் ஆவி. அவ்வளவு ஆவி உண்டாகத் தேவையான திரவம் சுமார் 10 மில்லி. அதாவது இரண்டு டீஸ்பூன்! கவிழ்த்து வடித்த பிறகும் விளிம்பிலும் மடிப்பிலும் அதைவிட அதிகமாகவே ஒட்டிக்கொண்டிருக்கும்.

அந்த டிரம்மைத்தான் நம் ஆட்கள் குப்பைத் தொட்டியாக்கவும், கறி சுடும் அடுப்பாக்கவும் கிரைண்டர் வைத்து அறுக்கிறார்கள். கிரைண்டரோ வெல்டிங்கோ பட்ட நொடியில் அது குண்டாகிவிடும். காலி டிரம்மை மூடி போட்டுச் சப்ளையருக்கோ, அதற்கென உரிமம் பெற்றவருக்கோ திருப்பி அனுப்புங்கள். அறுக்காதீர்கள், தண்ணீர் பிடிக்கவும் வைக்காதீர்கள்.

சூடு செய்த இரண்டு வேலைகள்

2021ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் தேதி, நள்ளிரவுக்குச் சற்று முன், துபாய் ஜபல் அலி துறைமுகத்தில் 'ஓஷன் டிரேடர்' என்ற கப்பலில் பயங்கர வெடிப்பு நிகழ்ந்தது. வெகு தூரத்தில் இருந்த வீடுகளிலும் ஜன்னல்கள் அதிர்ந்ததை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். உயிரிழப்பு இல்லாதது இறைவன் அருள். கப்பலில் இருந்த சுமார் 130 கண்டெய்னர்களில் மூன்றில் மட்டுமே தீப்பற்றும் பொருள் இருந்ததாக அதிகாரிகள் அறிவித்தார்கள். அது ஆர்கானிக் பெராக்சைடு என்பதும், பல நாள் வெயிலில் கிடந்தது என்பதும் பின்னர் நீதிமன்ற வழக்கில் வெளிவந்தன. தின்னர் எரிய வெளியிலிருந்து ஒரு பொறி வேண்டும். பெராக்சைடுக்கு அதுவும் வேண்டாம். சூடு ஏறினால் தானே சிதைந்து, மேலும் சூட்டைக் கக்கி வெடிக்கும். பைபர்கிளாஸ் வேலையில் 'ஹார்டனர்' என்று சொட்டுச் சொட்டாக விடுகிறோமே, அதுவும் இந்தக் குடும்பம்தான்.

அதற்கு முந்தைய ஆண்டு, 2020 மே 7ஆம் தேதி அதிகாலை, விசாகப்பட்டினத்தில் எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையின் தொட்டியில் கிடந்த ஸ்டைரீன் சூடேறி ஆவியாகி ஊருக்குள் பரவியது. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் உட்பட 12 பேர் இறந்தார்கள். ஊரடங்கால் ஆலை நின்றிருந்த நேரம் அது. அங்கே தீ பிடிக்கவில்லை. ஆவியே ஆளைக் கொன்றது. பொருள்கள் வேறு, நிகழ்ந்த விதமும் வேறு. ஆனால் பாடம் ஒன்றுதான்: சும்மா கிடக்கும் சரக்கு சும்மா இருப்பதில்லை, சூடு அதன் மேல் வேலை செய்துகொண்டே இருக்கிறது.

அமீரகத்தில் 2005 முதல் கோடையில் மதிய ஓய்வு விதி இருக்கிறது. இப்போது ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12.30 முதல் 3 மணி வரை, திறந்த வெயிலில் வேலை வாங்கக் கூடாது. மனிதனுக்கு ஓய்வு கிடைத்துவிட்டது. டின்னையும் டிரம்மையும் நிழலுக்குக் கொண்டுபோவது யார்? இன்னொன்று, எனக்கு மிகவும் கவலை தருவது: அந்த ஓய்வு நேரத்தில் பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கும் அறையிலேயே, ஜன்னலைச் சாத்திவிட்டுத் தரையில் படுத்துவிடுகிறார்கள். ஆவி தேங்கும் இடமும் அந்தத் தரைதான். தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி வருவதுபோல இருந்தால் வெயில் என்று நினைத்துவிடாதீர்கள். உடனே எழுந்து வெளிக்காற்றுக்கு வாருங்கள்.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. நிழலான, காற்றோட்டமுள்ள, பூட்டக்கூடிய தனி இடத்தில் மட்டுமே வையுங்கள். படுக்கை அறை, ஏணிப்படிக்குக் கீழ், கார் டிக்கி கூடவே கூடாது. கேம்ப் அறையில் கட்டிலுக்கு அடியில் ஒரு டின்கூட வேண்டாம்.

2. அன்றைய வேலைக்கு வேண்டிய அளவு மட்டும் எடுத்து, உடனே மூடிவிடுங்கள். தண்ணீர் பாட்டிலிலோ பெப்சி பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள். தாகத்தில் வருபவர் குடித்துவிடுவார்.

3. டிரம்மிலிருந்து ஊற்றும்போது நிலைமின்சாரம் உண்டாகிப் பொறி தெறிக்கும். பிளாஸ்டிக் வாளி வேண்டாம். உலோகப் பாத்திரத்தையும் டிரம்மையும் கம்பியால் இணைத்து, எர்த் கொடுத்து, மெதுவாக ஊற்றுங்கள்.

4. துடைத்த துணிகளை மூடியுள்ள இரும்புத் தொட்டியில் போட்டு, தினமும் அப்புறப்படுத்துங்கள். மிச்சத்தைச் சாக்கடையில் கொட்டாதீர்கள்.

5. தண்ணீர்த் தொட்டி, நிலவறை போன்ற அடைபட்ட இடத்தில் பெயிண்ட் அடிக்கத் தனியாக இறங்காதீர்கள். காற்று செலுத்தும் கருவியும், வெளியே கண்காணிக்க ஒருவரும் இருக்க வேண்டும். உள்ளே ஒருவர் மயங்கினால் தகுந்த சுவாசக் கருவி இல்லாமல் காப்பாற்ற இறங்குபவரும் மயங்குவார்.

6. தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். தின்னர் தண்ணீரில் மிதந்து தீயைப் பரப்பும். டிரை பவுடர் அல்லது நுரை அணைப்பான் வேண்டும். சிறு தீயாக இருந்தால் மட்டும் அணையுங்கள். இல்லையென்றால் வெளியேறி, அமீரகத்தில் 997ஐ அழையுங்கள். மற்ற வளைகுடா நாடுகளில் இருப்பவர்கள் தங்கள் நாட்டு எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள்.

கேட்டு வாங்குங்கள்

ஒவ்வொரு இரசாயனத்துக்கும் 'சேப்டி டேட்டா ஷீட்' என்ற தாள் உண்டு. 16 பகுதிகள். எங்களுக்குப் பாலன்ஸ் ஷீட் எப்படியோ, சரக்குக்கு அது அப்படி. முழுவதும் படிக்க முடியாவிட்டாலும் ஒன்பதாம் பகுதியில் பிளாஷ் பாயிண்ட்டையும், ஏழாம் பகுதியில் சேமிக்கும் முறையையும் பாருங்கள். அந்த எண்ணைக் கிடங்குக் கதவில் பெரிதாக எழுதி, பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டரை மாட்டுங்கள். இரண்டையும் ஒப்பிட யாருக்கும் பட்டம் தேவையில்லை.

தீத்தடுப்பு விவரங்களைத் தொழிலாளிக்குப் புரியும் மொழியிலும் எழுதி வைக்க வேண்டும் என்று 1980ஆம் ஆண்டின் அமீரகத் தொழிலாளர் சட்டமே சொன்னது. 2022இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் பாதுகாப்புப் பொறுப்பை முதலாளியிடமே வைக்கிறது. ஆகவே தயங்காமல், பணிவாகக் கேளுங்கள்: "சார், இந்தச் சரக்கின் ஷீட் எங்கே இருக்கிறது?" என்னைப் போலக் கணக்குப் பிரிவில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தின்னர் பில் வந்தால் அந்தத் தாளையும் சேர்த்துக் கேட்டு வாங்கிய பிறகு கையெழுத்திடுங்கள். செலவு ஒரு காகிதம்தான்.

நேயர்களே, ஊரில் நம்மை நம்பி ஒரு குடும்பம் காத்திருக்கிறது. பணம் அடுத்த மாதமும் அனுப்பலாம். உடம்போடு ஊர் போய்ச் சேருவோம். அடுத்த மடலில் சந்திப்போம்.