பழைய கணிப்பொறியும் புதிய இயங்குதளமும்

விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கு வழக்கமாக வழங்கப்பெற்று வந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் நாளுடன் நின்றுவிட்டன. பொறி அதன் பின்னும் முன்போலவே ஓடும். ஏமாற்றம் அதிலேதான் உள்ளது. புதிதாய்க் கண்டறியப்படும் ஓட்டைகள் அடைபடாமற் கிடக்கும்.

விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 4 ஜிகாபைட் நினைவகமும் 64 ஜிகாபைட் சேமிப்பிடமும் வேண்டும். இவை இருந்தும் பல பொறிகள் தடைப்படுவது டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பினாலேயாம். சிலவற்றில் அது உள்ளிருந்தும் அணைக்கப்பட்டிருக்கும். தொடக்க அமைப்புத் திரையில் அதனை இயக்கினாற் போதும். புதுப் பொறி கோரி மேலிடத்திற்கு எழுதுமுன் இதனை நோக்குக. செயலியே பழையதாயின் வேறு வழியில்லை.

மாற்றத்திற்கு முன் களக் குறிப்புகளையும் மாணவர் பதிவேடுகளையும் வெளிவட்டிற் படியெடுத்து, அவ்வட்டை வேறொரு பொறியில் திறந்து பார்த்தல் வேண்டும். பல பருவங்களின் அளவீடுகளை மீண்டும் எடுக்க இயலாது. மடிக்கணினியாயினும் மின்னிணைப்பைச் செருகிய பின்னரே பணியைத் தொடங்குக.