நைட்ரஜன் எங்கே உட்கார்ந்திருக்கிறது?

நான்கு கார்பன், நான்கு ஹைட்ரஜன், இரண்டு நைட்ரஜன். இந்தப் பத்து அணுக்களை ஓர் அறுகோண வளையமாகக் கட்டினால் ஒன்றல்ல, மூன்று பொருள்கள் கிடைக்கும். நைட்ரஜன்கள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் பிரிடசின். நடுவே ஒரு கார்பன் வந்தால் பிரிமிடின். எதிரெதிரே நின்றால் பைரசின். கார்பனுடன் வேறு தனிமமும் வளையத்தில் சேர்வதால் இவை பல்லினவளையச் சேர்மங்கள். வாய்பாடு ஒன்றாக இருந்தும் அமைப்பு மாறுவதால் ஒன்றுக்கொன்று மாற்றியங்கள்.

இடம் மாறினால் குணம் எவ்வளவு மாறும்? பைரசின் சுமார் 115 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுகிறது. பிரிடசினுக்கு 208 டிகிரி வேண்டும். நைட்ரஜன் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுக்கும். பைரசினில் அந்த இரண்டு இழுப்புகளும் நேரெதிர்த் திசையில் இருப்பதால் சமனாகிவிடுகின்றன. பிரிடசினிலோ இரண்டும் ஒரே பக்கம் சேர்ந்து இழுக்கின்றன. மூலக்கூறின் ஒரு முனை எதிர்மின் சாயலும் மறுமுனை நேர்மின் சாயலும் பெறுகிறது. இத்தகைய மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்ளும். பிரிக்க அதிக வெப்பம் தேவை.

உயிர் தன் எழுத்துகளுக்குத் தேர்ந்துகொண்டது பிரிமிடினை. டி.என்.ஏ.வின் தைமினும் சைட்டோசினும், ஆர்.என்.ஏ.வின் யுராசிலும் இந்த வளையத்தில் உருவானவை. யுராசிலின் ஒரே ஒரு ஹைட்ரஜனை எடுத்துவிட்டு ஃபுளோரினை வைத்தால் 5-ஃபுளோரோயுராசில். 1957இல் அறிமுகமான இந்த மருந்து, தைமின் தயாரிப்பைத் தடுத்துப் புற்றுநோய்ச் செல்களின் பெருக்கத்தை நிறுத்துகிறது.

பைரசின் குடும்பம் மணத்துக்குப் பேர்போனது. காபிக்கொட்டையையும் வேர்க்கடலையையும் வறுக்கும்போது அமினோ அமிலமும் சர்க்கரையும் வினைபுரிந்து பைரசின்கள் பிறக்கின்றன. குடைமிளகாயின் பச்சை வாசனைக்குக் காரணமான பைரசினை, ஒரு லட்சம் கோடி பங்கு தண்ணீரில் இரண்டு பங்கு இருந்தாலே மூக்கு கண்டுகொள்ளும். காசநோய் மருந்தான பைரசினமைடும் இதே வளையம்தான். சிகிச்சைக் காலத்தை ஆறு மாதமாகச் சுருக்கியதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு.

பிரிடசின் இயற்கையில் அரிது. நைட்ரஜனோடு நைட்ரஜனை நேரடியாகப் பிணைக்கும் நொதிகள் உயிர்களிடம் மிகக் குறைவு. ஆனால் ஆய்வகம் அதையும் விடவில்லை: ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் ஹைட்ரலசினில், பென்சீனோடு ஒட்டிய பிரிடசின் வளையம் இருக்கிறது.

நைட்ரஜனின் இடம் மாறினால் குணமும் மாறுவதால்தான் மருந்து வேதியியலாளர்கள் புதிய மூலக்கூறு ஒன்று கையில் கிடைத்ததும், வளையத்தின் ஒவ்வொரு மூலையிலும் நைட்ரஜனை மாற்றி மாற்றி வைத்துச் சோதிக்கிறார்கள். எத்தனை அணுக்கள் என்பதை வாய்பாடு சொல்லிவிடும். அது மருந்தாகுமா என்பதை அமைப்புதான் தீர்மானிக்கும்.